கறுப்பு முயலின் வெள்ளைக் குட்டி

‘தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கண்ணெதிரே நான்கு கால்கள் இருக்கவும் மூன்றுதான் என்று சாதிக்கும் பிடிவாதக்காரரைக் குறித்து நம்மவர் அதைச் சொல்வது வழக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறை நானே அப்பழமொழிக்கு இலக்கானேன். அதற்குக் காரணமாய் அமைந்ததும் ஒரு முயலே. இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள் வளர்ப்பு முயலின் உரோமம் பற்றியது. அந்நிகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு இப்பொருளைப் பேச என்னால் இயலாது. ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1992-ஆம் ஆண்டு. பழனி மலை அடிவாரத்து ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியன். பள்ளித் தோட்டத்தின் மூலையில், வேப்பமர நிழலில், மூன்று கூண்டுகளில் முயல் வளர்த்தோம். ஒன்றில் கறுப்புப் பெண் முயல். அடுத்ததில் கறுப்பு ஆண் முயல். மூன்றாவதில் வெள்ளை ஆண் முயல். கறுப்பு இணையின் முதல் ஈற்றில் நான்கு குட்டிகள், இரண்டாம் ஈற்றில் ஐந்து. ஒன்பதும் கறுப்பு. கறுப்புக்குக் கறுப்பே பிறக்கும் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. கூண்டுகளின் சாவியை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்திருந்தேன். காலையும் மாலையும் புல் அறுத்துப் போட்டு, தண்ணீர் மாற்றி, கூண்டைத் துடைத்து வைப்பான். அதிகம் பேசாத பிள்ளை.

மூன்றாம் ஈற்றில் ஆறு குட்டிகள் பிறந்தன. நான்கு கறுப்பு; இரண்டு வெள்ளை. அதைக் கண்டதும் என் மனத்தில் எழுந்த முடிவு ஒன்றே: இவன் கவனக்குறைவாகக் கூண்டைத் திறந்து வைத்திருக்கிறான், வெள்ளை முயல் உள்ளே புகுந்துவிட்டது. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனை எழுப்பிக் கேட்டேன். “நான் திறந்து வைக்கவில்லை, ஐயா” என்றான். “குட்டிகள் சாட்சி சொல்கின்றனவே, இன்னும் ஏன் பொய் சொல்கிறாய்?” என்றேன். அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இடத்திற்குப் போய் உட்கார்ந்தான். அன்று முதல் தோட்டத்துப் பக்கம் அவன் வரவில்லை.

வெள்ளை முயலை அவ்வாரமே அடுத்த ஊர் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். சில மாதங்களுக்குப் பின் அதே கறுப்பு இணையைச் சேர்த்தேன். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். கணக்காகக் குட்டிகள் பிறந்தன. ஐந்து குட்டிகள். அவற்றுள் நான்கின் தோல் கருமை. ஒன்றின் தோல் ரோஜா இதழ்போல் வெளுப்பு. பெட்டியைக் கையில் பிடித்தவாறே வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அப்பள்ளியிலோ வெள்ளை முயலே இல்லை; சாவியோ என் பையில்!

இதில் மிகவும் வெட்கத்துக்குரியது யாதெனில், மாணவனைக் கடிந்துகொண்ட அதே மாதத்தில்தான் பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் சோதனையைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தேன். நெட்டைச் செடி மூன்று, குட்டைச் செடி ஒன்று என்று நான் எழுத, மாணவர்களும் எழுதிக்கொண்டார்கள். பட்டாணிக்கு உரிய விதி வேப்பமரத்தடி முயலுக்கும் உரியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேர்வுக்கென ஓரறையிலும் வாழ்க்கைக்கென வேறோர் அறையிலும் கல்வியைப் பூட்டி வைத்திருந்தேன்.

இனி, அந்த வெள்ளைக் குட்டி எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

முதலில் முயல்களுள் ஒரு வேறுபாடு அறிய வேண்டும். நம் புதர்க்காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு. கூண்டில் வளரும் முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்சு நாடுகளில் வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பிய முயல். அதன் குட்டி உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். இவ்விரண்டும் தம்முள் கலந்து இனம் பெருக்குவதில்லை. கறுப்பு, வெள்ளை, நீலச் சாம்பல், புள்ளி, நீண்ட உரோமம், குட்டை உரோமம் என்று உலகெங்கும் இன்று காணப்படும் வளர்ப்பு முயல் வகைகள் யாவும் அந்த ஓரினத்தினின்றே தோன்றியவை.

கிரெகோர் மெண்டல் தம் பட்டாணிச் சோதனை முடிவுகளை 1865-இல் எடுத்துரைத்தார். மறு ஆண்டு அவை அச்சாயின. உலகம் அவற்றைக் கண்டுகொண்டது 1900-இல்தான். அதன்பின் விலங்குகளுக்கும் அவ்விதி பொருந்துமா என்று அறிஞர் ஆராயத் தொடங்கினர். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வில்லியம் காசில் என்பார் சீமைப் பெருச்சாளி, முயல் ஆகியவற்றின் உரோமப் பண்புகள் எவ்வாறு வழிவழி வருகின்றன என்பதைப் பற்றி 1905-இல் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளை நிறமும் நீண்ட உரோமமும் மெண்டல் கூறியவாறே மறைந்தும் வெளிப்பட்டும் வருவதை அதில் காட்டினார்.

ஒவ்வொரு பண்புக்கும் ஒவ்வோர் உயிரும் இரண்டு மரபுக்கூறுகளைப் பெறுகிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. முயலின் உரோமத்தில் நிறம் தோன்றுவதற்கு ‘நிறம் தரும் கூறு’ ஒன்றேனும் வேண்டும். அது ஓங்கும் தன்மையுடையது. ‘நிறம் மறுக்கும் கூறு’ ஒடுங்கும் தன்மையுடையது. இரண்டும் அதுவாகவே அமைந்தாலன்றி அது தன் முகத்தைக் காட்டாது. என் கறுப்பு இணையில் ஆணும் பெண்ணும் ஒவ்வொரு நிறம் தரும் கூறும் ஒவ்வொரு நிறம் மறுக்கும் கூறும் கொண்டிருந்தன. பார்வைக்கு இரண்டும் கறுப்பு. அவற்றின் குட்டிகளிலோ சராசரியாக நான்கில் ஒன்று இருபுறமும் மறுக்கும் கூறே பெற்று வெள்ளையாகும்.

அப்படியாயின் முதல் ஒன்பது குட்டிகளும் கறுப்பாக இருந்தது எங்ஙனம் என்று கேட்பீர்கள். நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு நான்கு குட்டிக்கும் ஒன்று கட்டாயம் வெள்ளை என்று பொருள்படாது. ஒவ்வொரு குட்டியும் தனித்தனியே போடப்படும் சீட்டுப் போன்றது. ஒரு குட்டி கறுப்பாவதற்கு வாய்ப்பு நான்கில் மூன்று. முக்காலை ஒன்பது முறை பெருக்கிப் பாருங்கள்: 262144-க்கு 19683 வரும். அஃதாவது, நூற்றுக்கு ஏழு எட்டு முறை இவ்வாறு நிகழக்கூடும். அரிதே, ஆனால் நடவாதது அன்று. அந்த அரிய தற்செயலை நான் நிலையான விதியாகக் கொண்டேன்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். வெள்ளைக் குட்டி இரு கூறுகளையும் இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றாக வேண்டும். எனவே தந்தை எந்த முயலாக இருப்பினும், தாய் தன்னுள் வெண்மையை மறைத்து வைத்திருந்தாள் என்பது அக்குட்டிகளைப் பார்த்த அந்நொடியே உறுதியாயிற்று. அச்சான்றை நான் தாயின்மேல் படிக்கவில்லை; மாணவன்மேல் படித்தேன்.

நிறம் என்பது இந்த ஒரு கூறோடு முடிவதன்று. முயலின் நிறத்தை வகுப்பவற்றுள் தலையாயவை ஐந்து மரபணுக்கள். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஐந்து எழுத்துகளான ஏ, பி, சி, டி, இ என்பவற்றையே அவற்றுக்குக் குறியீடாக வழங்குகின்றனர்.

முதலாவது, உரோமத்தின் அமைப்பை வகுப்பது. காட்டில் வாழும் ஐரோப்பிய முயலின் உரோமத்தை மெல்ல ஊதி விலக்கிப் பாருங்கள். பூ விரிந்தாற்போல வளையம் வளையமாய்த் தோன்றும். அடியில் நீலச் சாம்பல், இடையில் மஞ்சள், நுனியில் கறுப்பு என்று ஒவ்வோர் இழையும் பட்டைகளை உடையது. அதனாலேயே தொலைவில் மண்ணும் புல்லும் கலந்த சாம்பல் நிறமாய் அது தெரிகிறது. இவ்வளையத்தைத் தருவது ஓங்கு கூறு. அது இரண்டுபுறமும் இல்லாதபோது இழை முழுதும் ஒரே நிறமாகிறது. என் கறுப்பு முயல்கள் அத்தகையவை. இரண்டாவது மரபணு, கரிய நிறமி கறுப்பா பழுப்பா என்பதை முடிவு செய்கிறது. நான்காவது, நிறமி இழையில் சீராகப் பரவுமா, திரண்டு நிற்குமா என்பதை முடிவு செய்கிறது. திரண்டு நின்றால் கறுப்பு வெளிறி நீலச் சாம்பலாகும். ஐந்தாவது, கறுமை உரோமத்தில் எவ்வளவு பரவும், மஞ்சள் எவ்வளவு மேலோங்கும் என்பதை வகுக்கிறது.

மூன்றாவதான ‘சி’ மரபணுவே நம் கதைக்கு உரியது. அதற்கு நிறம் தருதல், மறுத்தல் என்ற இரண்டு வடிவங்களே உண்டென்று எண்ண வேண்டா. இடையே வேறு படிகளும் உண்டு. ஒரு படி மஞ்சளை மட்டும் அகற்றிவிடும். அப்பொழுது வளையத்தின் மஞ்சள் வெண்முத்து நிறமாகி, தென்னமெரிக்க மலைகளில் வாழும் சின்சில்லா என்னும் சிறு விலங்கின் உரோமத்தை ஒத்துவிடும். சின்சில்லா முயல் என்னும் வகை பிரான்சு நாட்டில் 1913-இல் காட்சிக்கு வந்தது. நம் கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில், சோவியத் சின்சில்லா முயலும் வெள்ளை ராட்சத முயலும் வளர்க்கப்பட்டு வருகின்றன. அப்பக்கம் செல்வோர், மென்மையாக ஊதிப் பார்க்கத் தக்க உரோமம் எது என்பதை இனி அறிவீர்கள்.

அடுத்த படி இன்னும் வியப்பானது. இமாலய முயல் என்று ஒரு வகை. உடல் வெள்ளை, மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. குட்டி பிறந்து கூட்டின் கதகதப்பில் கிடக்கும்வரை முழுதும் வெள்ளையே. வெளியே வந்தபின் நுனி உறுப்புகள் கறுக்கும். காரணம் என்ன? நிறமியை ஆக்குவது டைரோசினேஸ் என்னும் நொதி. இம்முயலில் அந்நொதி சூடு மிகுந்தால் செயலிழக்கும் இயல்புடையது. உடலின் நடுப்பகுதி வெப்பமானது; அங்கே வேலை நடவாது. காது, மூக்கு, பாதம் குளிர்ந்தவை, அங்கே நடக்கும். அம்முயலின் முதுகில் உரோமத்தை மழித்து, அவ்விடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால், புதிதாய் முளைக்கும் உரோமம் கறுப்பாக வரும். மரபு எழுதிய ஓலையைச் சூழ்நிலை படிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நான் கண்டதில்லை. முழு வெள்ளை முயலிலோ அந்நொதி எந்தச் சூட்டிலும் வேலை செய்யாது.

நிறத்தை விட்டு உரோமத்தின் நீளத்துக்கு வருவோம். அங்கோரா முயலின் உரோமம் மாதம் 2 முதல் 3 செ.மீ. வரை வளர்ந்துகொண்டே போகும். உரோமம் வளர்வதை நிறுத்துமாறு கட்டளையிடும் மரபணு ஒன்று அதில் பழுதுற்றிருப்பதே காரணம். இமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கில் இதைக் கம்பளிக்காக வளர்க்கின்றனர். வெப்பம் மிகுந்த சமவெளிக்கு இது ஏற்றதன்று. ஏனைய முயல்களே நம் கோடையில் வாடும்; கம்பளி போர்த்த முயலின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு நேர்மாறானது ரெக்ஸ் முயல். 1919-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சார்த் பகுதியில் ஓர் உழவர் வீட்டு முயலின் ஈற்றில் விந்தையான குட்டிகள் பிறந்தன. சாதாரண முயலுக்கு அடியில் மென்மையான குறு உரோமமும் அதன் மேல் நீண்ட, முரட்டுக் காவல் உரோமமும் இருக்கும். இக்குட்டிகளிலோ காவல் உரோமமும் அடி உரோமத்தின் அளவுக்கே குறுகி, முழு உடலும் வெல்வெட்டுத் துணிபோல் இருந்தது. மீசையும் சுருண்டிருந்தது. அவ்வூர்ப் பாதிரியார் ழில்லே என்பவர் அவற்றைப் போற்றி வளர்த்துப் பெருக்கினார். 1924-இல் பாரிசு நகரக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டபோது உரோம வணிகர் வியந்தனர். ஆயின் அம்முதல் முயல்கள் மெலிந்தவை. சிலவற்றுக்கு உரோமம் ஆங்காங்கே உதிர்ந்து தோல் தெரிந்தது. சில முயல்களையே மீண்டும் மீண்டும் உறவுக்குள் சேர்த்ததால், விரும்பிய பண்போடு விரும்பாத நலிவுகளும் சேர்ந்தே வெளிப்பட்டன. வேறு வலிய முயல்களோடு கலந்து, பேரக் குட்டிகளுள் ரெக்ஸ் உரோமம் உடையவற்றைத் தேர்ந்தெடுத்த பின்னரே அவ்வகை உறுதி பெற்றது.

பின்னர் ஜெர்மனியிலும் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலும் இதேபோன்ற குட்டை உரோம முயல்கள் தாமாகவே தோன்றின. பார்வைக்கு எல்லாம் ஒன்று. ஆயின் ஒன்றின் மரபினதை மற்றொன்றின் மரபினதோடு சேர்த்தபோது, பிறந்த குட்டிகள் யாவும் சாதாரண உரோமத்தோடு பிறந்தன! குட்டைக்கும் குட்டைக்கும் நெடியது பிறப்பதா? ஒரு நெசவாளர் வீட்டுத் தறியில் நாடா இல்லை. அடுத்த வீட்டுத் தறியில் நூல் இல்லை. இரண்டு வீட்டிலும் துணி இல்லை. அவ்விருவரும் கூடினால் நூல் ஒருவருடையது, நாடா மற்றவருடையது, துணி நெய்துவிடலாம். அதுபோல், அம்முயல்களின் குறை வெவ்வேறு மரபணுக்களில் இருந்தது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது. முன்னே சொன்ன காசிலும் ஜெர்மானிய அறிஞர் நாக்ட்ஸ்ஹைமும் இம்மூன்றும் வேறு வேறு மரபணுக்கள் என்பதை 1933-இல் விளக்கி எழுதினர். அவற்றுள் முதல் ரெக்ஸின் மரபணு இன்னதென்று 2011-இல் கண்டறியப்பட்டது. அதே மரபணு மனிதரில் பழுதுறும்போது, தலைமயிர் சுருண்டு அடர்த்தி குன்றிப்போகிறது. முயலும் மனிதனும் ஒரு நூலிழையால் கட்டப்பட்டிருப்பதை இது காட்டவில்லையா?

மாணவ நண்பர்களே, அழகுக்காக இனம் பெருக்குவோர் ஓர் அறத்தையும் அறிய வேண்டும். வெண்ணிற உடலில் கரும்புள்ளிகள் பதிந்த முயலைப் பலர் விரும்புவர். அப்புள்ளியைத் தரும் கூறு ஒன்று இருந்தால் அழகு. இரண்டு சேர்ந்தால் புள்ளிகள் அருகி, முயல் பெரும்பாலும் வெளுத்துவிடும். அதுமட்டுமன்று; அத்தகைய முயல்களுக்குப் பெருங்குடல் வீங்கிச் செரிமானம் கெடும் நோயும் வரக்கூடும். புள்ளி முயல் இரண்டைச் சேர்த்தால் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று இவ்விடருக்கு ஆளாகும். புள்ளி முயலை ஒரே நிற முயலோடு சேர்த்தால், பாதிக் குட்டிகள் புள்ளியோடு பிறக்கும். ஒன்றுகூட அவ்விடருக்கு ஆளாகாது. குள்ள முயல்களிலும் இவ்வாறே: குள்ளமாக்கும் கூறு இரட்டித்த குட்டி பிறந்த சில நாட்களில் இறந்துபடும். ரெக்ஸின் பாதத்திலும் உரோமம் குட்டையே ஆதலின், கம்பி வலைத் தரையில் நிறுத்தினால் பாதம் புண்ணாகும். அதற்குப் பலகையோ வைக்கோலோ இட வேண்டும். விலங்கின் மேனியழகை நாம் தேர்ந்தெடுக்கும்போது அதன் வேதனையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து விடலாகாது.

உரோமத்தில் தோன்றும் கேடெல்லாம் மரபினால் வருவதன்று என்பதையும் சொல்ல வேண்டும். முயல் காலந்தோறும் பழைய உரோமத்தை உதிர்த்துப் புதியது பூணும், அது நோயன்று. ஈன்றெடுக்கும் காலத்தில் தாய் முயல் தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை அமைக்கும். எங்கள் முதல் ஈற்றின்போது, வயிறு மொட்டையான தாயைக் கண்டு நான் மருந்து வாங்க ஓடினேன். “ஐயா, உரோமம் பெட்டிக்குள் இருக்கிறது” என்று காட்டியவன் அந்த மாணவனே. நார்ச்சத்து குறைந்த தீனி கொடுத்தால் முயல்கள் தம் உரோமத்தையும் பிறவற்றின் உரோமத்தையும் கடித்துத் தின்னும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் விழுங்கிய உரோமம் வயிற்றில் திரண்டால் உயிருக்கே ஊறு. நல்ல உலர்புல் எப்போதும் கிடைக்கச் செய்வதே அதற்குக் காப்பு. முதுகில் பொடுகுபோல் உதிர்ந்து உரோமம் கொட்டினால் உண்ணியினத்துச் சிற்றுயிர்கள் காரணமாகலாம். வட்ட வட்டமாய் உதிர்ந்தால் படர்தாமரை ஆகலாம். இது மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மரபுக் குறையா, வந்த குறையா என்று எவ்வாறு பிரித்தறிவது? பக்கத்துக் கூண்டுக்குப் பரவுகிறதா, மருந்துக்கு அடங்குகிறதா, தீனியை மாற்றினால் நீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உடன்பிறந்தவற்றிலும் முன்னோரிலும் தோன்றியதா என்று ஏட்டைப் புரட்ட வேண்டும். ஏடு இல்லாதவனுக்கு நினைவு துணை செய்யாது. நினைவு தனக்கு வேண்டியதையே சொல்லும். என் அனுபவமே இதற்குச் சான்று.

இனி விட்ட இடத்துக்குத் திரும்புவோம். நான்காம் ஈற்றின் வெள்ளைக் குட்டியைக் கண்ட மறுநாள், ஒன்பதாம் வகுப்புக்குச் சென்றேன். எந்த இடத்தில் நின்று அவனைப் பொய்யன் என்றேனோ அதே இடத்தில் நின்று, “பிழை என்னுடையது. இவன் சொன்னது உண்மை. நான் படித்ததை நான் புரிந்துகொள்ளவில்லை” என்று சொன்னேன். வகுப்பு அமைதியாய் இருந்தது. சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் எழுந்து நின்றான். ஆனால் கை நீட்டவில்லை. “இருக்கட்டும், ஐயா” என்றான். அவ்வளவே. ஆசிரியன் மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் நேராகிவிடும் என்று நான் எதிர்பார்த்ததும் ஒருவகைச் செருக்கே என்பதை அன்று உணர்ந்தேன்.

பத்து நாள் கழித்து, மாலை மணி அடித்தபின் அவன் தானே தோட்டத்துக்கு வந்தான். மூன்றாம் ஈற்றுக் குட்டிகளில் பள்ளியிலேயே வைத்துக்கொண்ட இரண்டு கறுப்புப் பெண் முயல்களை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இவற்றுள்ளும் வெள்ளை ஒளிந்திருக்குமா, ஐயா?” என்று கேட்டான். என் ஆசிரிய வாழ்வில் மாணவர் கேட்ட கேள்விகளுள் இதனினும் சிறந்ததை நான் கேட்டதில்லை. அத்தகைய பெற்றோரின் கறுப்புக் குட்டிகளில் சராசரியாக மூன்றில் இரண்டு வெண்மையை மறைத்து வைத்திருக்கும், ஒன்று வைத்திராது. எது எது என்று கண்ணால் காண வழியில்லை. வெள்ளை முயலோடு சேர்த்துப் பார்ப்பதே வழி. ஒளித்து வைத்திருந்தால் குட்டிகளில் பாதி வெள்ளையாகும்.

நண்பரிடமிருந்து வெள்ளை ஆண் முயலை இரவல் வாங்கி வந்தோம். முதற் பெண் முயல் ஆறு ஈன்றது, மூன்று வெள்ளை. ஐயம் தீர்ந்தது. இரண்டாம் முயல் ஏழு ஈன்றது, ஒன்றும் வெள்ளையில்லை. ஏட்டில் ‘இல்லை’ என்று எழுதப் போனேன். அவன் தடுத்தான். ஒளித்து வைத்திருந்தும் ஏழும் நிறத்தோடு பிறக்க 128-இல் ஒரு வாய்ப்பு உண்டு என்பதைக் கணக்கிட்டு வைத்திருந்தான். ‘இல்லை என்றே தோன்றுகிறது’ என்று அவன் கையால் எழுதினான்.

அதன்பின் நிகழ்ந்ததே நான் மறக்க இயலாதது. அந்த இரு ஈற்றிலும் நிறத்தோடு பிறந்த பத்துக் குட்டிகளில் ஒன்றுகூடக் கறுப்பில்லை. உரோமம் வளர வளர யாவும் காட்டு முயலின் வளையச் சாம்பல் நிறம் கொண்டன. வெள்ளை முயல் தன் வெண்மைக்கு அடியில் வளையம் தரும் ஓங்கு கூறை மறைத்து வைத்திருந்தது. வெள்ளை என்பது ஒரு நிறமன்று. மற்ற நிறங்களை மூடிய போர்வை. அவன் ஒரு சாம்பல் குட்டியைக் கையில் எடுத்து, அதன் உரோமத்தை ஊதிப் பார்த்தான். பிறகு, என்னைப் பாராமலே சொன்னான்: “அன்று இந்த முயல் உள்ளே போயிருந்தால், ஐயா, சாம்பல் குட்டி ஒன்றாவது பிறந்திருக்குமே.”

நான்கு கறுப்புக் குட்டிகள் அன்றே அவனுக்காகச் சான்று கூற நின்றிருந்தன. அவற்றின் மொழி எனக்குத் தெரியவில்லை. தெரியாதவன் பேசாமல் இருந்திருக்கலாம். நான் தீர்ப்பே கூறிவிட்டேன். அன்று மாலை வீடு திரும்பும்போது சாவி அவன் கையில் இருந்தது.

மாணவ மாணவியரே, நீங்கள் நாளை ஆய்வாளராகலாம், ஆசிரியராகலாம், நீதி வழங்கும் இருக்கையிலும் அமரலாம். கண்ணுக்குத் தெரிவது உண்மையின் ஒரு பகுதியே; தெரியாத பகுதி இரண்டு தலைமுறை மறைந்திருந்து மூன்றாம் தலைமுறையில் வெளிப்படக்கூடும். ஏட்டில் எழுதுங்கள், எண்ணிப் பாருங்கள், மீண்டும் சோதியுங்கள். அதற்கு முன் யாரையும் பொய்யன் என்று சொல்லாதீர்கள். எதிர்பாராத வெள்ளைக் குட்டி ஒன்று பிறக்கும்போது, யார் கதவைத் திறந்தார் என்று கேட்பதற்கு முன்னால், நாம் அறியாதது என்ன என்று கேட்போமாக.